வாளியில் வெட்டுப்பூ: யாழ்ப்பாணத்துத் தண்ணீருக்கும் சோளகத்துக்கும் ஏற்றபடி

விடியப் பறித்துச் சாமிக்கு வைக்கும் பூவுக்கு யாழ்ப்பாணத்து வளவுகளில் குறைவில்லை. செவ்வரத்தை, நந்தியாவட்டை, அலரி, தேமா, மல்லிகை என்று வேலியோரமே பூத்துக் கிடக்கும். அவை அன்றன்றைக்கான பூக்கள். செவ்வரத்தை பொழுதுபடச் சுருண்டுவிடும். நீளத் தண்டோடு வெட்டித் தண்ணீரில் வைத்தால் ஒரு கிழமை முகம் வாடாமல் நிற்கிற பூ வேண்டுமென்றால், மலையகத்திலிருந்து வந்திறங்கும் கட்டுகளைக் கடையில் வாங்குவதுதான் வழக்கமாக இருக்கிறது. வெட்டுப்பூ எனப்படும் அந்தப் பூவை வீட்டு முற்றத்திலேயே, 20 லீற்றர் வாளிகளில் வளர்க்கலாம். ஆறேழு வாளிகளை முறைவைத்து விதைத்து வந்தால் வீட்டு மேசையில் பூ இல்லாத கிழமைகள் குறைவு.

இங்கே பூச்செடியைக் கெடுப்பவை பெரும்பாலும் மூன்று: தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, வேரைச் சுடும் வெயில், தண்டை முறிக்கும் சோளகம் எனும் தென்மேற்குக் காற்று. நிலத்தில் நட்ட செடிக்கு இவற்றிலிருந்து தப்ப வழி குறைவு. வாளிச் செடிக்கு மண்ணை நாம் கலந்து கொடுக்கிறோம், தண்ணீரைத் தெரிந்து ஊற்றுகிறோம், காற்று மாறும்போது தூக்கி மறுபக்கம் வைக்கிறோம். வாளியில் வளர்ப்பதன் முழுப் பயனும் அதில்தான் இருக்கிறது.

முதலில் தண்ணீர்

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் அதனூடாக ஊறி வருவதால் கல்சியமும் இருகாபனேற்றும் கரைந்தே வருகின்றன. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படைதான் அதற்குச் சாட்சி. நிலத்தில் அந்தச் சுண்ணாம்பு பரந்துபோகும். வாளியில் போக இடமில்லை. ஒரு கணக்குப் பாருங்கள். வாளி ஒன்றுக்கு நாளுக்கு ஒன்றரை லீற்றர், 60 நாளைக்கு 90 லீற்றர். லீற்றருக்கு 300 மில்லிகிராம் சுண்ணாம்பு என்று வைத்தாலும், ஒரு பூக்காலத்துக்குள் 27 கிராம் சுண்ணாம்பை அந்தச் சின்ன மண்ணுக்குள் நாமே ஊற்றியிருப்போம்.

அதன் விளைவு இலையில் தெரியும். நுனியில் வரும் புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பழைய இலைகளுக்கு ஒன்றும் இராது. அது இரும்புக் குறைபாடு. மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் காரம் ஏறிய மண்ணில் வேரால் அதை எடுக்க முடியாது. துருப்பிடித்த ஆணியைப் புதைப்பதால் பயனில்லை, அந்த இரும்பும் அதே காரத்தில் கட்டுண்டுவிடும். இதற்கு மருந்து இரும்புக் கீலேற்று, இரும்பை வேர் எடுக்கும் நிலையில் பிடித்து வைக்கும் சேர்வை. கடையில் அதை வாங்கும்போது பொதியைப் பாருங்கள். ஈடிடிஏ (EDTA) என்று இருந்தால் நம் தண்ணீரில் வேலை செய்யாது. ஈடிடிஎச்ஏ (EDDHA) என்று இருக்க வேண்டும். வாளிக்கு ஒரு கிராம், ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அடுத்து வரும் இலைகள் பச்சையாக வரும். ஏற்கெனவே மஞ்சளான இலையை வைத்து மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம், புது இலையைப் பாருங்கள்.

காரத்தைக் குறைக்க வினாகிரி ஊற்றுவோர் உண்டு. சில நாளைக்கு நன்றாகத் தெரியும். பிறகு மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தைத் தின்றுவிட, காரம் பழையபடி திரும்பும். நிலைத்த வழிகள் இரண்டு. மண் கலக்கும்போதே வாளிக்கு 15 முதல் 20 கிராம் கந்தகத்தூள் சேர்ப்பது ஒன்று. அது மெதுவாக, நாலைந்து கிழமையில் வேலை செய்யத் தொடங்கும். நைதரசன் கொடுக்க வேண்டியபோது யூரியாவுக்குப் பதில் அமோனியம் சல்பேற்று கொடுப்பது மற்றது. லீற்றருக்கு ஒரு கிராம், வாளிக்கு ஒரு லீற்றர், பத்து நாளுக்கு ஒருமுறை போதும்.

நைதரசனில் இன்னொரு விஷயமும் உண்டு. தோட்டக் காணிகளுக்கு நடுவே உள்ள கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே அதிகம். வருடக்கணக்காகத் தோட்டத்துக்கு இட்ட பசளை கீழே இறங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட தண்ணீரை ஊற்றிவிட்டு மேலும் பசளை இட்டால் செடி இலையும் தழையுமாகக் கொழுக்கும், தண்டு இளசாக வளையும், பூ பிந்தும். இலை கரும்பச்சையாக, அகலமாக இருக்கிறதா? பசளையை நிறுத்துங்கள்.

அடுப்புச் சாம்பலையும் முட்டைக்கோதையும் பூச்சாடியில் போடுவது நம் வீடுகளில் பழக்கம். புளித்த மண் உள்ள ஊர்களுக்கு அது சரி. இங்கே அவை இரண்டும் சுண்ணாம்புக்கு மேல் சுண்ணாம்பு சேர்க்கும். பொட்டாசியத்துக்காகத்தான் சாம்பல் என்றால், பொட்டாசியம் சல்பேற்று கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தீவகத்திலும் கரையோர ஊர்களிலும் உள்ளவர்கள் எம்ஓபி எனும் குளோரைட்டு வகையைத் தவிர்ப்பது நல்லது. அங்கே கிணற்றில் உவர் ஏற்கெனவே இருக்கிறது, ஆடி ஆவணியில் அது இன்னும் கூடும்.

உப்பைப் போக்க ஒரே வழி, இரு கிழமைக்கு ஒருமுறை வாளியின் அடித்துளையால் ஓடும்வரை தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவிவிடுவது. வாளிக்கு நாலைந்து லீற்றர் பிடிக்கும். அடியில் தட்டு வைக்க வேண்டாம். தட்டில் நின்ற உப்புத் தண்ணீரை மண் திரும்ப உறிஞ்சும்.

மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். 100 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் 230 லீற்றர் இறங்கும். ஒரு பரல் நிறைந்துவிடும். அந்தத் தண்ணீரை எல்லாச் செடிக்கும் ஊற்றித் தீர்க்காமல் நாற்றுக்கும், ஓர்க்கிட்டுக்கும், பூ வைக்கும் சாடிக்கும் என்று ஒதுக்கினால் பங்குனி வரை வரும். பரலின் வாயை வலையால் இறுக்கிக் கட்டுவது கட்டாயம். டெங்கு நுளம்பு பெருகும் காலமும் அதே மாரிதான்.

வாளியும் மண்ணும்

பெயின்ற் வாளி நல்லது, வெள்ளை நிறமானால் இன்னும் நல்லது. கறுப்புப் பையும் கறுப்புச் சாடியும் வெயிலில் அடுப்பாகிவிடும். மண்ணின் வெப்பம் 40 பாகை தாண்டினால் சுவரோடு ஒட்டிய வேர்கள் கருகும். வேறு வழியில்லை என்றால் மேற்குப் பக்கம் நனைத்த சாக்கைச் சுற்றிவிடுங்கள், அல்லது வாளிகளை நெருக்கி வைத்து ஒன்றின் நிழல் மற்றதில் விழச் செய்யுங்கள்.

காய்ச்சிய ஆணியால் அடியில் ஆறு துளை, பக்கத்தில் அடியிலிருந்து ஓரங்குல உயரத்தில் நாலு துளை, ஒவ்வொன்றும் சின்னவிரல் நுழையும் அளவு. வாளியை இரண்டு செங்கல்லின் மேல் ஏற்றி வைத்தால் துளை அடைபடாது.

அடியில் கல்லும் ஓட்டுத்துண்டும் போட வேண்டாம். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லோரும் போடுகிறார்கள். பொடி மண்ணிலிருந்து கல்லின் இடைவெளிக்குள் தண்ணீர் இலகுவில் இறங்காது. மண் முழுக்க ஊறி நிறைந்த பிறகுதான் சொட்டும். ஆகவே வாளியின் அடியில் தேங்க வேண்டிய ஈரம் கல்லுக்கு மேலே, வேரின் நடுவே தேங்குகிறது. துளையை மூட ஒரு துண்டு நுளம்பு வலை போதும்.

கலவை: செம்மண் 6 லீற்றர், கழுவிய தும்புச்சோறு (தேங்காய்மட்டைத் துகள்) 6, மக்கிய மாட்டெரு 5, கருக்கிய உமி 3. தனிச் செம்மண் நிலத்தில் அருமையான மண். வாளிக்குள் நாலு முறை தண்ணீர் ஊற்றியதும் இறுகிக் கல்லாகும். தும்புச்சோற்றை மூன்று முறை ஊறவைத்துப் பிழியுங்கள். முதல் தண்ணீர் சாயத்தேநீர் நிறத்தில் வரும், மூன்றாவதில் வெளிறும், அப்போது உப்பும் போயிருக்கும். மாட்டெரு கையில் பொடிபட வேண்டும், மணம் இருக்கக் கூடாது. கையால் அளைந்து பாருங்கள். சுருண்டு கிடக்கும் கொழுத்த வெள்ளைப் புழு வண்டின் குடம்பி. ஒன்று தப்பினாலும் வாளியின் வேரை முழுக்க அரித்துவிடும். ஆட்டெரு என்றால் பாதி அளவு போடுங்கள், அதன் வீரியம் கூட.

புகையிலை, கத்தரி, தக்காளி நின்ற தரையிலிருந்து மண் எடுப்பதென்றால் வேர்முடிச்சுப் புழு இருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். அந்த மண்ணை நனைத்து, நாலங்குலத் தடிப்பில் பரப்பி, நிறமில்லாத பொலித்தீனால் மூடி ஓரங்களை மண்ணால் அடைத்து, சித்திரை வைகாசி வெயிலில் ஐந்து கிழமை விட்டு எடுத்தால் பெரும்பகுதி செத்துவிடும்.

வீட்டைச் சுற்றி நகரும் வாளிகள்

சித்திரைப் புத்தாண்டு நாட்களில் உச்சிப்பொழுதில் வெளியே நின்று பாருங்கள், நிழல் காலடிக்குள் அடங்கிவிடும். அன்று சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே. அதன்பின் ஓகஸ்ற் கடைசி வரை நண்பகல் வெயில் வடக்குப் பக்கமிருந்து விழுகிறது, பிறகு தெற்குக்கு மாறுகிறது. பத்தடி உயரமான சுவர் மார்கழி நண்பகலில் வடக்கே ஆறரை அடி நிழல் போடும். ஆனியில் அதே சுவர் தெற்கே இரண்டரை அடி நிழல் போடும். காற்றும் இப்படியே மாறுகிறது. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து சோளகம், மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடை தெளிவு. சோளக காலத்தில் வாளிகள் வீட்டின் வடகிழக்கு மூலையில் நிற்க வேண்டும். காலை வெயில் நேராக விழும், காற்றை வீடு தடுக்கும், பின்னேர வெயிலையும் வீடே மறைக்கும். ஐப்பசி பிறந்ததும் தெற்குப் பக்கம் மாற்ற வேண்டும். நனைந்த வாளி 20 கிலோவுக்கு மேல் இருக்கும், இருவர் பிடித்துத் தூக்குங்கள். ஒருவர் இழுத்தால் அடித்துளையால் வெளிவந்த வேர் அறுந்து செடி இரண்டு நாள் துவளும்.

மறைப்பு வேண்டுமென்றால் தகரத்தைவிடக் கிடுகு மேல். தகரமும் மதிலும் காற்றை முழுக்க நிறுத்த, அது மேலேறிச் சுழன்று பின்னால் விழும். அந்தச் சுழலில்தான் தண்டுகள் முறுகி ஒடிகின்றன. கிடுகு காற்றை வடித்து விடும்.

செடிக்குத் தாங்குகம்பு நட வேலியில் முறித்த பச்சைக் கிளுவையோ பூவரசோ வேண்டாம். கதியாலாக வேர்விட்டுச் செடியின் சாப்பாட்டைப் பங்கு கேட்கும். காய்ந்த கம்பு மூன்று நட்டு, அரையடி உயரத்துக்கு ஒரு சுற்றாக நூலால் கூடுபோல் சுற்றிவிடுங்கள். செடி சரிந்த பிறகு கட்டினால் தண்டு வளைந்தே நிமிரும், சாடியில் வைக்க உதவாது.

என்ன வளர்ப்பது

முதல் வருடம் ஜினியா மட்டும் போதும் என்பேன். வெப்பத்தை விரும்பும் செடி, விதை மூன்றிலிருந்து ஐந்து நாளில் முளைக்கும், 60 நாளில் வெட்டலாம். வெட்ட வெட்டக் கிளைக்கும். பெனரிஸ் ஜயன்ற், ஒக்லஹோமா போன்ற வெட்டுப்பூ வகைகளின் விதையைத் தேடி வாங்குங்கள். சாடி அழகுக்கென்று விற்கும் குட்டை வகைகளில் ஒரு சாணுக்கு மேல் தண்டு வராது. கால் அங்குல ஆழத்தில் நேரே வாளியில் ஊன்றி, வாளிக்கு மூன்று அல்லது நாலு செடி விடுங்கள்.

செடி ஒரு முழத்தின் பாதி உயரம் வந்து நாலு சோடி இலை கண்டதும், மூன்றாவது சோடிக்கு மேலே நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கை வராது, மொட்டுத் தெரியத் தொடங்கிய செடியைக் கிள்ள யாருக்கும் மனம் வராது. ஆனால் கிள்ளாத செடி ஒரு தடித்த தண்டும் ஒரு பூவுமாக நின்று, பக்கக் கிளைகளைக் கட்டையாகவே விடும். கிள்ளிய செடியில் ஆறு தண்டு சமமாக எழும். முதல் பூவையும் ஆழமாக, கீழே இரண்டு கணு மட்டும் விட்டு வெட்டுங்கள். மேலோட்டமாக வெட்டினால் அடுத்த தண்டுகள் குட்டையாகும்.

எப்போது வெட்டுவது என்பதற்கு ஜினியாவில் ஓர் உறுதியான சோதனை உண்டு. பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டை இரு விரலால் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். பூவின் கழுத்து நெளிந்து தலை தள்ளாடினால் இன்னும் இரண்டு நாள் விட வேண்டும். தண்டும் பூவும் ஒரே கம்புபோல் சேர்ந்து ஆடினால் வெட்டலாம். இதழ் முழுக்க விரிந்து வடிவாக இருந்தாலும் கழுத்து நெளிகிற பூவை வெட்டினால் மத்தியானத்துக்குள் தலை கவிழும், எந்தத் தண்ணீரும் அதை நிமிர்த்தாது. ஜினியாவைக் குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்க வேண்டாம், இதழ் கருகிவிடும்.

கோழிக்கொண்டை இந்த வெயிலுக்கென்றே பிறந்தது. விதை கடுகைவிடச் சிறிது. மண்ணின் மேல் தூவி அழுத்திவிட்டால் போதும், மூட வேண்டாம். நாற்றாக வைத்து நடுவதென்றால் நாலு கிழமைக்குள் நட்டுவிட வேண்டும். சின்னச் சாடியில் வேர் சுற்றிக்கொண்ட நாற்று, பயத்தில் பூப்பதுபோல் நாலங்குல உயரத்தில் ஒரு கொண்டையைக் காட்டிவிட்டு நின்றுவிடும். பிறகு எவ்வளவு எரு போட்டாலும் வளராது. இறகுபோல் எழும் வகையைக் கிள்ளலாம். கொண்டைபோல் மடியும் வகையைக் கிள்ளாமல் நெருக்கி நட்டால் தண்டு நேராக வரும். வாடாமல்லிக்கும் இதே பராமரிப்புத்தான், பூ நிறம் முழுதாக ஏறி உருண்டு இறுகும்வரை பொறுத்தால் போதும்.

சூரியகாந்தியில் ஒரு தண்டுக்கு ஒரு பூ தரும், மகரந்தம் கொட்டாத வெட்டு வகைகள் உண்டு. வாளிக்கு ஐந்து விதை, நெருக்கமாக. நெருக்கினால்தான் பூ உள்ளங்கை அளவில் நிற்கும். ஒருமுறை வெட்டினால் அந்தச் செடி முடிந்தது, ஆகவே பத்து நாளுக்கு ஒரு வாளி என்று விதையுங்கள். முளை எழும் கிழமையில் அணிலுக்கு வலை போட வேண்டும். இதழ் நடுவட்டிலிருந்து நிமிரத் தொடங்கும் காலையிலேயே வெட்டிவிடலாம், மீதி சாடியில் விரியும்.

நிலச்சம்பங்கி கிழங்கு பெருவிரல் தடிப்பாவது இருக்க வேண்டும். மெலிந்தது இலை மட்டும் தரும். வாளிக்கு ஐந்து, இரண்டங்குல ஆழத்தில். பூக்க மூன்று, மூன்றரை மாதம் எடுக்கும். பூத்த கிழங்கு மறுபடி பூக்காது, பக்கத்துக் குட்டிகள்தான் அடுத்த வருடத்துக்கு. கீழிருந்து இரண்டு பூ விரிந்ததும் வெட்டினால் இரவில் அறை மணக்கும்.

செவ்வந்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கும் இதில்தான் மனத்தாங்கல். கடையில் வாங்கிய செவ்வந்தி இரண்டடித் தண்டோடு இருக்கிறது, வீட்டில் நட்டது ஒரு சாண் உயரத்தில் மொட்டு வைத்துவிடுகிறது. பசளைக் குறை என்று பசளை போடுகிறார்கள். காரணம் பகல் நீளம். இரவு நீண்டால் மொட்டு வைக்கும் செடி அது. யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிக நீண்ட பகலே 13 மணித்தியாலத்துக்குக் குறைவு. செவ்வந்தியின் கணக்கில் இங்கே எல்லா நாளும் மொட்டு வைக்கும் நாள்தான். வளர நேரம் கொடுக்க, அதன் இரவை நாம் உடைக்க வேண்டும்.

புரட்டாசி நடுவில் மூன்றங்குல நுனித் துண்டுகளை மணலும் தும்புச்சோறும் சமனாகக் கலந்ததில் ஊன்றுங்கள். இரண்டு கிழமையில் வேர்விடும். வாளிக்கு நாலு நட்டு, பத்தியோரம் மழை அடிக்காத இடத்தில் வைத்து, செடிக்கு மூன்றடி மேலே ஒரு 9 வாட் எல்ஈடி பல்ப்பைத் தொங்கவிட்டு, இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை எரியவிடுங்கள். நடுவில் ஒருமுறை கிள்ளி, கிளைகள் ஓரடி உயரும்வரை, ஏறத்தாழ ஐந்து கிழமை இப்படிச் செய்து, பிறகு விளக்கை முழுதாக நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து ஒன்பது, பத்துக் கிழமையில் பூக்கும். மார்கழித் தை இரவுகளின் குளிர்ச்சி பூவுக்கும் ஏற்றது. நிறுத்திய பிறகு வாசல் விளக்கோ தெருவிளக்கோ செடியில் படக் கூடாது. விடிய விடிய வெளிச்சம் படும் செவ்வந்தி மொட்டே வைக்காமல் உயர்ந்துகொண்டு போகும். தண்டுக்கு ஒரே பெரிய பூ வேண்டுமானால் பக்க மொட்டுகளைப் பயறளவில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். கொத்தாக வேண்டுமானால் நடு மொட்டை மட்டும் எடுங்கள்.

கார்த்திகைப் பூவை வேலியில் மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம், அது தரமான வெட்டுப்பூ. இரு கொம்பாகப் பிரிந்த கிழங்கைப் படுக்கையாக மூன்றங்குல ஆழத்தில் வைத்து, ஆளுயரக் கொடித்தடி நட்டால் மழையோடு எழுந்து இலை நுனியால் பற்றி ஏறும். செடி முழுவதும் நஞ்சு, கிழங்கு கடும் நஞ்சு. குழந்தைகளும் ஆடும் போகும் இடத்தில் வைக்க வேண்டாம், கையுறை போட்டுத் தொடுங்கள்.

கார்னேஷன், லிசியாந்தஸ் இரண்டையும் விட்டுவிடுங்கள், நம் இரவுகள் அவற்றுக்குச் சூடு. அந்தூரியத்துக்கு நிழலும் ஈரக்காற்றும் வேண்டும், சோளகம் அதன் இலையைக் கிழிக்கும்.

நாள் பார்த்து விதைக்க விரும்புவோர் பின்னோக்கி எண்ணுங்கள். நல்லூர்க் கொடி ஆடி அமாவாசைக்குப் பின் ஏறி 25 நாள் திருவிழா. அதற்கு நிலச்சம்பங்கி சித்திரையிலும், கோழிக்கொண்டை வைகாசி தொடக்கத்திலும், ஜினியா வைகாசிக் கடைசியிலும் மண்ணில் இருக்க வேண்டும். தைப்பொங்கலுக்குச் சூரியகாந்தி என்றால் நவம்பர் நடுவில், கூரையோரத்தில். அந்த மழையில் வெளியே வைத்த விதை அழுகும்.

கெடும்போது

பிற்பகல் இரண்டு மணிக்கு இலை தொங்கி, பொழுதுபட நிமிர்ந்தால் அது வெயில். தண்ணீர் ஊற்ற ஓட வேண்டாம். விடிய ஆறு மணிக்கும் தொங்கினால் விரலை இரண்டங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. ஈரமாக இருந்தால் வேர் அழுகுகிறது, அதற்குமேல் ஊற்றும் ஒவ்வொரு வாளியும் அதை விரைவுபடுத்தும். மத்தியானத்தில் மேல்தாங்கியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும் அளவு இருக்கும். அதை வேரில் விடாமல் கிணற்றில் அள்ளி விடுங்கள்.

சோளக காலத்தில் இலை மங்கி, அடியில் தூசி போன்ற புள்ளிகளும் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் சிற்றுண்ணி. காலையில் இலையின் அடிப்பக்கம் விசையாகத் தண்ணீர் அடித்துக் கழுவினாலே பாதி போகும். வேப்பெண்ணெய் என்றால் லீற்றருக்கு 5 மில்லிலீற்றர், சில துளி சவர்க்காரத் திரவத்தோடு, பொழுதுபட்ட பிறகு மட்டும். வெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும். ஜினியாவில் தை மாசிப் பனியில் வெள்ளை மா படிவது சாம்பல் நோய். நெருக்கமும் காற்றோட்டமின்மையும்தான் காரணம், அடியிலைகளைக் களைந்து வாளிகளை விலக்கி வையுங்கள். மாரியில் பெரிய நத்தைகளை இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குவதைவிட நல்ல வழி இல்லை.

வெட்டுவதும் வைப்பதும்

காலை ஏழு மணிக்கு முன் வெட்டுங்கள், இரவெல்லாம் குடித்த தண்ணீர் தண்டில் நிறைந்திருக்கும். கத்தரிக்கோல் தண்டை நசுக்கும், கூரான பிளேட்டால் சரிவாக வெட்டி, கையோடு கொண்டுபோன தண்ணீர் வாளியில் உடனே விடுங்கள். தண்ணீருக்குள் நிற்கப்போகும் பகுதியில் ஓர் இலையும் இருக்கக் கூடாது. கோழிக்கொண்டையில் எல்லா இலையையும் எடுத்துவிடலாம், பூவுக்கு முன் இலைதான் வாடும். கழுத்துவரை தண்ணீரில், இருட்டான குளிர்ந்த அறையில் மூன்று மணித்தியாலம் நின்ற பிறகே சாடிக்கு மாற்ற வேண்டும்.

சாடித் தண்ணீருக்கு மழைநீர் எடுங்கள். இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, அடியில் படியும் வெள்ளையை விட்டுவிட்டு மேல் தண்ணீரை வடியுங்கள். ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி சீனி, இரண்டு மேசைக்கரண்டி தேசிச்சாறு, கால் தேக்கரண்டி வெளிற்றும் திரவம். சீனி பூவுக்குச் சாப்பாடு. தேசி சுண்ணாம்பை முறித்துத் தண்டின் வழியே தண்ணீர் ஏற உதவும். திரவம் அழுகலைத் தடுக்கும். தேசியையும் திரவத்தையும் தனியே ஒன்றோடொன்று கலக்க வேண்டாம், நச்சு வாயு எழும். இரண்டையும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் கரையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, தண்டின் அடியை ஒரு விரலளவு புதிதாக வெட்டிவிடுங்கள்.

கறுத்தக் கொழும்பான் மாங்காய் பழுக்க வைத்திருக்கும் அறையிலும் வாழைக்குலை தொங்கும் அறையிலும் பூச்சாடி வேண்டாம். பழம் விடும் எதிலீன் வாயு ரோசாவையும் ஓர்க்கிட்டையும் ஓரிரு நாளிலேயே உதிர வைக்கும்.

கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் சாடியில் இருந்து முடிந்ததும் குப்பைக்குப் போக வேண்டியதில்லை. தண்டைத் துடைத்து, நாலைந்தாகக் கட்டி, வெளிச்சம் படாத காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால் மூன்று கிழமையில் நிறம் குறையாமல் காயும். கோழிக்கொண்டையைத் தொங்கவிடும்போது கீழே ஒரு வெள்ளைக் கடதாசியை விரித்து வையுங்கள். செடியில் நன்றாக முற்றிய கொண்டையாக இருந்தால் கறுத்து மினுங்கும் விதைகள் அதில் உதிர்ந்து கிடக்கும். அவற்றை ஊதிச் சுத்தமாக்கி, ஒரு சிட்டிகை வறுத்த அரிசியோடு போத்தலில் இறுக்கி மூடினால் அடுத்த வைகாசிக்கு விதை வாங்கத் தேவையில்லை.